நம்ம கடற்கரையைக் கடலிலிருந்து பார்க்க ஒரு வழி செய்யுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்டச் சுற்றுலா என்று உங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் அதே நாலு இடம்தான் வருகிறது. முக்கடல் சங்கமம், விவேகானந்தர் பாறை, அய்யன் திருவள்ளுவர் சிலை, அப்புறம் 2024 டிசம்பர் கடைசியில் இரண்டுக்கும் நடுவே திறந்த கண்ணாடிப் பாலம். எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான், வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை நானும் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறேன். ஆனால் கிழக்கே ஆரோக்கியபுரத்திலிருந்து மேற்கே நீரோடி வரைக்கும் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் கடற்கரை நமக்கு இருக்கிறது, அதில் வருகிறவர்கள் பார்ப்பது ஒரே ஒரு முனையை மட்டும். மிச்சக் கடற்கரையைப் பார்க்க நல்ல வழி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாய்மரப் படகில் கரையோரமாகவே போவது. ஒரு நாளைக்குக் கொஞ்ச தூரம் ஓடி, சாயங்காலம் ஏதாவது ஒரு சின்ன ஊரில் நங்கூரம் போட்டு, இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்து, அங்கேயே சாப்பிட்டு, மறுநாள் காற்று வந்ததும் கிளம்புவது. கிரீஸ், துருக்கி, குரோஷியா கரைகளில் இதற்காகவே உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள், அங்கே எத்தனையோ மீனவ ஊர்கள் இதனால் நாலு காசு பார்க்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், கொச்சியில் போல்காட்டித் தீவில் கேரளச் சுற்றுலாக் கழகம் இப்படிப்பட்ட படகுகளுக்கென்றே ஒரு துறை கட்டி வைத்திருக்கிறது. நமக்கோ சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று நாலு துறைமுகம் ஏற்கெனவே இருந்தும், வெளியூர்ப் பாய்ப்படகு ஒன்று வந்தால் எங்கே கட்டுவது என்று சொல்லக்கூட ஆள் கிடையாது.

நான் இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. கொச்சியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் சின்னப் பாய்ப்படகு இருக்கிறது. போன மாசியில் அதைக் குமரி முனை வரைக்கும் கொண்டுவர நினைத்தபோது, கரை தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டார். நான் எங்கள் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு விழிஞ்ஞத்தில் ஏறினேன். பெரியப்பா இளம் வயதில் பாய் கட்டிய கட்டுமரத்தில் தொழில் பார்த்தவர். 1980களில் ப்ளைவுட் வள்ளமும் எஞ்சினும் வந்து எல்லாரும் பாயைச் சுருட்டி வைத்த காலத்தில் அவரும் சுருட்டி வைத்தார். ஆஞ்சான், தாமான், பருமல் என்று பாய்க் கயிறுகளுக்கும் பாய் கட்டும் கழிக்கும் அவர் சொல்லும் சொற்கள் எதுவும் நண்பருக்குத் தெரியாது, நண்பர் ஆங்கிலத்தில் சொல்வது எதுவும் பெரியப்பாவுக்குத் தெரியாது, ஆனால் காற்று திரும்பியதும் இரண்டு பேர் கையும் ஒரே கயிற்றுக்குப் போனது.

தை, மாசியில் நம்ம பக்கம் காற்றுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. விடியற்காலையில் கரைக்காற்று மலைப் பக்கமிருந்து இறங்கி வரும், அப்போது கிளம்பினால் கடல் தட்டையாகக் கிடக்கும், படகு கரைக்குப் பக்கவாட்டில் சத்தமே இல்லாமல் ஓடும். வெயில் ஏறியதும் அந்தக் காற்று விழுந்துவிடும். கொஞ்ச நேரம் பாய் தொங்கிக்கொண்டு நிற்கும், வேர்த்துக் கொட்டும். மதியத்துக்கு மேல் கடற்காற்று மேற்கிலிருந்து எழும்பும், அதைப் பின்னால் வாங்கிக்கொண்டு குமரியைப் பார்த்து ஓடலாம். குமரியை நெருங்கும்போது மட்டும் இந்தக் கணக்கு மாறும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று அங்கே வேறு விளையாட்டு விளையாடும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை வீணாகவா நட்டு வைத்திருக்கிறார்கள்?

விழிஞ்ஞத்தில் புதுத் துறைமுகத்தின் கொள்கலன் கப்பல்களைக் கடந்து பொழியூர் தாண்டியதும் நீரோடி. அங்கிருந்து மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்று ஒன்றை ஒன்று ஒட்டிய ஊர்கள். சாலையில் போனால் எந்த ஊர் எங்கே முடிகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கடலிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோபுரம், அதற்குப் பின்னால் தென்னை, அதற்கும் பின்னால் நீலமாக மேற்குத் தொடர்ச்சி மலை. தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் சுறா பிடிக்க ஆழ்கடலில் குஜராத் வரைக்கும் அதற்கு அப்பாலும் போகிறவர்கள், நாட்டிலேயே பேர் பெற்ற ஆழ்கடல் மீனவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது திரும்பாமல் போனவர்களில் நிறையப் பேர் இந்தக் கரைக்காரர்கள். அந்த ஊர்களுக்கு நேராகப் போனபோது பெரியப்பா தலைத்துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

தேங்காய்ப்பட்டணத்தில் நாங்கள் உள்ளே நுழையவில்லை. குழித்துறையாறு கடலில் சேரும் அந்தத் துறைமுக முகத்துவாரத்தில் மணல் திட்டு சேர்ந்து, படகு கவிழ்ந்து, எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். உங்கள் பத்திரிகையே பலமுறை எழுதியிருக்கிறது. தினசரி கடலில் போகிறவனே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நுழைகிற வாசல் அது. சுற்றுலாவுக்கு முன்னால் அந்த முகத்துவாரத்தைச் சரி செய்யுங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை, இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. மீனவனுக்குப் பத்திரமில்லாத துறைமுகம் விருந்தாளிக்கு மட்டும் எப்படிப் பத்திரமாகும்? அது சரியானால் தேங்காய்ப்பட்டணம் அருமையான நிறுத்தம். பழைய பள்ளிவாசல், ஆற்று முகம், கொஞ்சம் உள்ளே போனால் ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டில் கோயில் எழுப்பிச் சாலை என்கிற கல்விக்கூடமும் அமைத்த பார்த்திவபுரம். அந்தக் கோயிலுக்கு வெளியூர்க்காரர் யாராவது போய் நான் பார்த்ததில்லை.

குளச்சலில் இறங்கினோம். படகைச் சற்று வெளியே நிறுத்திவிட்டு ஒரு வள்ளத்தில் கரைக்கு வந்தோம், கூலி பேச வேண்டியிருக்கும் என்று நினைத்தால் அந்தப் பையன்கள் வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்கள். கரையில் சாளை விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரோடு கெடக்கும்போ எதுக்கு மக்களே கடலு வழியாட்டு வந்திய?" என்று கேட்டார். பெரியப்பா விஷயத்தைச் சொன்னதும் அவருடைய முகமே மாறிவிட்டது. அவருடைய அப்பா பாய் கட்டின மரத்தில் போனவராம், பாய்க்குச் சாயம் காய்ச்சி ஊற்றுகிற நாளில் வீடு முழுக்க அந்த வாசனைதானாம். கடைசியில் எங்களை வீட்டுக்கே கூட்டிப்போய் மரச்சீனிக் கிழங்கும் நெத்தலி அவியலும் போட்டார். நட்சத்திர ஓட்டல்களில் சாப்பிட்டுப் பழகிய என் நண்பர் அந்தச் சாப்பாட்டைப் பற்றி இன்னும் போனில் பேசுகிறார். அப்படி ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் மனதாரக் காசு கொடுப்பார்கள், அந்தக் காசு நேராக அந்த அம்மா கைக்குப் போகும்.

சாப்பிட்டுவிட்டு வெற்றித் தூணைப் பார்க்கப் போனோம். 1741இல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம். ஐரோப்பியக் கம்பெனி ஒன்றை இந்திய மன்னன் ஒருவன் கடற்கரையிலேயே வைத்து மடக்கினான் என்பது சின்ன விஷயமா? பிடிபட்ட டி லனாய் பிறகு அதே மன்னனிடம் தளபதியாகி, படையைப் பழக்கி, கிழக்கே வட்டக்கோட்டையைப் பலப்படுத்தி, 1777இல் இங்கேயே செத்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல்லின் கீழ் அடக்கமாகியிருக்கிறார். குளச்சலில் படகை விட்டு இறங்கித் தக்கலை பஸ் பிடித்தால் உதயகிரியும் பத்மநாபபுரம் அரண்மனையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு ராத்திரி படகுக்கே திரும்பலாம். வேறு எந்தக் கடற்கரையில் இப்படி ஒரு கதையை முதலிலிருந்து கடைசி வரை நடந்து பார்க்க முடியும் சொல்லுங்கள்.

குளச்சலுக்குக் கிழக்கே கொட்டில்பாடு. 2004 டிசம்பர் 26 சுனாமி அங்கே என்ன செய்தது என்று நம்ம மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்து மண்டைக்காடு. பகவதி அம்மன் கோயிலில் மாசிக் கொடைத் திருவிழா நடக்கிற நேரம், ராத்திரி கடலிலிருந்து பார்த்தால் கரை முழுக்க விளக்கு. காற்று கரைப் பக்கமிருந்து வீசியபோது கொட்டுச் சத்தம் படகு வரைக்கும் கேட்டது.

கடியபட்டினத்துக்கு வெளியே கடலில் பாறைகள் இருக்கின்றன. சில தண்ணீருக்கு மேலே தெரியும், சில அலை உடைகிறதை வைத்துத்தான் தெரியும். நண்பரின் படகில் இருந்த கருவி அவற்றைச் சரியாகவே காட்டியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரியப்பாவும் தன் கணக்கைப் போட்டார். படகின் முன்பக்கமான அணியத்தில் உட்கார்ந்து கரையில் ஒரு கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் மலையில் ஒரு முகட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார், கோபுரம் மெல்ல நகர்ந்து முகட்டுக்கு நேராக வந்ததும் கையைத் தூக்கினார், அதுவரைக்கும் வெளியே போ, இனி கரைக்குத் திருப்பு என்றார். இதைத்தான் கணிச்சம் பார்ப்பது என்பார்கள், நம்ம கடலில் ஒவ்வொரு பாருக்கும், அதாவது கடலடிப் பாறைக்கும், இப்படி ஒரு கணிச்சம் உண்டு. கருவியும் அவரும் ஒரே இடத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் கருவியில் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. பாறை வரைபடத்தில் இருக்கும், வலை இருக்காது. பொழுது சாய்ந்த பிறகு நம்ம கரையோரம் முழுக்க வலை கிடக்கும், ஒரு சின்ன மிதவையும் ஒரு கொடிக்கம்பும்தான் அடையாளம், தெரியாமல் அதன் மேல் ஏறினால் படகின் சுக்கானில் வலை சுற்றிக்கொள்ளும், மீனவனுக்கு ஆயிரக்கணக்கில் நஷ்டம், இரண்டு பக்கமும் சண்டை. எந்த மாசத்தில் யார் எந்தப் பக்கம் என்ன வலை இறக்குவார்கள், மேற்பரப்பில் மிதக்கிற வலையா தரையில் கிடக்கிற வலையா, இது பெரியப்பாவுக்கு மனப்பாடம். தூரத்தில் ஒரு வள்ளத்தைப் பார்த்ததும் கூப்பிட்டுக் கேட்பார், அவர்கள் டார்ச்சைக் காட்டி வழி சொல்வார்கள்.

நான் சொல்ல வந்ததே இதுதான். நம்ம கரையில் பாய்ப்படகுச் சுற்றுலா என்று ஒன்று வந்தால், அதன் சுக்கானை மீனவர் கையில் கொடுத்துத்தான் நடத்த வேண்டும். பெரிய கம்பெனி ஒன்றுக்குக் குத்தகை விட்டு, வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து ஓட்டினால் முதல் வாரத்திலேயே வலை அறுந்து பிரச்சினை ஆகும். ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் படகுக்குக் கடன் கொடுங்கள், கடலை அறிந்த பெரியவர் ஒருவரும் பயிற்சி பெற்ற இளைஞர் இருவருமாக ஒரு படகுக்கு ஆள் வையுங்கள். நம்ம பிள்ளைகளுக்கு வராத வேலையா இது? சென்னையிலிருந்து நேத்ரா குமணன் ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமி கடற்படையின் தாரிணிப் பாய்க்கப்பலில் சக கடற்படை அதிகாரி தில்னாவோடு உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் கோவா திரும்பினார். தொண்டிப் பக்கம் இன்றைக்கும் கோயில் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி வைக்கிறார்கள். நம்ம மாவட்டத்தில் மட்டும் பாய் பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் எழுபது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டாமா?

அனுமதி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் முறைப்படி பதிவுத் தாள், எல்லாருடைய ஆதார் அட்டை, உயிர்காக்கும் கவசம் எல்லாம் வைத்திருந்தோம். இருந்தும் ஒரு துறைமுகத்தில் அரை நாள் காத்திருந்தோம். இவரைக் கேளுங்கள் என்று அவரும் அவரைக் கேளுங்கள் என்று இவரும் சொன்னார்களே தவிர, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, இப்படி ஒரு படகு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்த விதி எதுவும் இல்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரப் பாதுகாப்பு கடுமையாக இருப்பது நியாயம்தான். ஆனால் யாரிடம், எத்தனை மணி நேரத்துக்கு முன்னால், என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒட்டி வைத்தால் பாதுகாப்பும் கூடும், அலைச்சலும் குறையும். அப்புறம் துறைமுகத்தில் ஒரு மூலையில் நாலு மிதவைக் கட்டும், இறங்க ஒரு சின்னப் படித்துறையும், ஒரு கழிப்பறையும், குடிதண்ணீர்க் குழாயும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவு கிடையாது.

முட்டம் வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து முட்டத்தைப் பார்க்க ஆயிரம் பேர் வருகிறார்கள், சினிமாக்காரர்களும் வருகிறார்கள். கடலிலிருந்து பார்த்தால் அது வேறு ஊர், செம்மண் மேடு அப்படியே கடலுக்குள் இறங்கிப் பாறையில் நிற்கும், மேலே கலங்கரை விளக்கம். அதைத் தாண்டி ராஜாக்கமங்கலம் துறை, பள்ளம், மணக்குடி. மணக்குடியில் பழையாறு கடலில் சேருகிறது. சுனாமியில் மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் நடுவில் இருந்த பாலத்தையே அலை தூக்கிப்போட்ட இடம், இப்போது புதுப் பாலம். உள்ளே அலையாத்திச் செடிகள், பறவைகள், கொஞ்சம் தள்ளிப் புத்தளத்து உப்பளங்கள். பெரிய படகு உள்ளே போக முடியாது, வெளியே நிறுத்திவிட்டு வள்ளத்தில் போய் ஒரு காலைப் பொழுதைக் கழிக்கலாம், பிறகு ரசவடையும் மட்டிப்பழமும் வாங்கிக்கொண்டு வரலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கடலோர ஊர்களில் சிலர் கோபப்படக்கூடும், அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகம் என்றார்கள், பிறகு அதைக் கோவளம், மணக்குடிப் பக்கம் கொண்டுவருவோம் என்றார்கள், ஜனங்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. வளர்ச்சி என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் கடற்கரையைப் பிடுங்கத்தான் வருகிறார்கள் என்ற பயம் அப்படி வந்தது. அதனால் இந்த யோசனையை முதலில் ஊர்க் கமிட்டிகளிடமும் தேவாலயப் பங்குப் பேரவைகளிடமும் கொண்டுபோய், அவர்கள் சரி என்று சொன்ன ஊரில் மட்டும் நிறுத்தம் வைக்க வேண்டும். வேண்டாம் என்கிற ஊரை விட்டுவிட்டுப் படகு அடுத்த ஊருக்குப் போகட்டும். கரையில் கான்கிரீட் ஓட்டல் எழுப்பக் கூடாது, தங்குகிறவர்கள் படகிலோ ஊர்க்காரர் வீட்டிலோ தங்கட்டும். கரமடி வலையைக் கரைக்கு இழுக்கிற இடத்திலும் மீன் காயப்போடுகிற இடத்திலும் ஒருவரும் கால் வைக்கக் கூடாது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் இழுத்துக்கொண்டது. வானம் தெளிவாக இருக்கும்போதே, எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை நம்ம கரையில் வந்து ஏறும், அதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் அதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது, அந்த எச்சரிக்கை வந்த நாளில் படகு கிளம்பவே கூடாது என்று விதி வேண்டும். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடிய மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாசங்களில் முழுக்க நிறுத்திவிட வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரைக்கும் வைத்துக்கொண்டால் போதும், அப்போதும் தாழ்வழுத்தம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் போக வேண்டும்.

கன்னியாகுமரியிலிருந்து வட்டக்கோட்டைப் பக்கம் 2023இல் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகு விட ஆரம்பித்தது, கூட்டமும் வருகிறது. கடலில் போக ஜனங்களுக்கு ஆசை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அது கிழக்குப் பக்கம் போய்த் திரும்புகிற எஞ்சின் படகு. மேற்கே இத்தனை ஊர்கள் காத்துக் கிடக்கின்றன. ஒரேயடியாக நீரோடி வரை கேட்கவில்லை, வருகிற தை மாசத்தில் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் மட்டும் இரண்டு படகு விட்டுப் பார்க்கலாம். மீன்வளத் துறை, சுற்றுலாத் துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், ஊர்ப் பெரியவர்கள் இவர்களை ஒரே இடத்தில் உட்கார வைக்க மாவட்ட நிர்வாகத்தால் முடியும். உங்கள் நிருபர் ஒருவரைக் குளச்சல் கடற்கரைக்கு அனுப்பி, பாய் கட்டத் தெரிந்த பெரியவர்களிடமும் இன்றைய இளைஞர்களிடமும் இதைப் பற்றிக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பேச விருப்பமுள்ள பெரியவர்களிடம் நானே கூட்டிப்போகத் தயார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
குறும்பனை, கன்னியாகுமரி மாவட்டம்.